பைதன் பழகுகிற பிள்ளைகளோடு இருந்து பார்த்தவை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

உயர்தரத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுக்கிற பிள்ளைகள் மூன்று நான்கு பேர் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். பாடத்திட்டத்தில் பைதன் என்கிற கணினி மொழி இருக்கிறது, பள்ளியிலும் படிப்பிக்கிறார்கள், ஆனால் தனியே இருந்து எழுதும்போது வருகிற எரரை, அதாவது பிழைச் செய்தியை, யாரிடம் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இதை வகுப்பு என்று சொல்ல மாட்டேன். சேர்ந்து இருந்து பார்ப்போம், அவ்வளவுதான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் வருகிற தம்பி ஒருவர், தகப்பனின் அரிசிக்கடைக்கு உதவட்டும் என்று இரண்டு விலையைக் கேட்டுக் கூட்டிச் சொல்கிற சின்னப் புரோகிராம் எழுதி வந்தார். 250 உம் 240 உம் கொடுத்தால் 490 வர வேண்டும், வந்தது 250240. "அண்ணா, இதுக்குக் கூட்டத் தெரியாதா?" என்று உண்மையாகவே கேட்டார். பைதன் 3 இல் இன்புட் என்கிற கட்டளை கொண்டு வாங்குவது எல்லாம் எழுத்துச் சரமாகத்தான் வரும், பார்க்க எண் மாதிரி இருந்தாலும் இன்ட் என்கிற கட்டளை போட்டு மாற்றினால்தான் எண். நான் அன்றைக்கு லெப்டொப்பை என் பக்கம் இழுத்து இரண்டு இடத்தில் இன்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த கிழமை, வயது 18 ஐ விடக் கூடவா என்று பார்க்கிற புரோகிராமோடு வந்தார். அதே சிக்கல்தான், ஆனால் இந்த முறை டைப்எரர் (வகை பொருந்தவில்லை) என்று சிவப்பாக வந்ததால் இது வேறு ஏதோ என்று நினைத்து இரண்டு நாள் மண்டையை உடைத்திருக்கிறார். அந்த இரண்டு நாளும் என்னால் போனது. அதற்குப் பிறகு நான் பிள்ளைகளின் கீபோர்டைத் தொடுவதில்லை. கடைசி வரியை வாசியுங்கள், அது என்ன சொல்கிறது என்று தமிழில் எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சிவப்பு ஆங்கிலம் ஏச்சு விழுகிற மாதிரித்தான் இருக்கிறது. மேலேயிருந்து வாசிக்கத் தொடங்கிப் பாதியில் களைத்து விடுகிறார்கள். விசயம் கடைசி வரியில் இருக்கும், வரி இலக்கம் அதற்குச் சற்று மேலே இருக்கும். அந்த வரியில் ஒன்றும் பிழையில்லை என்றால் முந்தின வரியில் அடைப்புக்குறியை மூடினீர்களா என்று பாருங்கள். 2021 இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து பைதனே அதைச் சொல்லிவிடும், பழைய பதிப்பு என்றால் நாம்தான் தேட வேண்டும். டாப்பும் ஸ்பேஸும் கலந்து போட்டு வருகிற சண்டை இன்னொன்று, எடிற்றரில் டாப்பை நான்கு ஸ்பேஸாக மாற்றி வைத்தால் அது முடிந்துவிடும்.

ஆரையம்பதித் தங்கச்சி கொண்டுவந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் எத்தனை எழுத்து என்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பு என்று கொடுத்தார், 12 என்றது. விரலை மடித்து எண்ணினோம், ம, ட், ட, க், க, ள, ப், பு, எட்டுத்தான். பிள்ளை தன் லூப்பில், எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுகிற பகுதியில், பிழை என்று அதை மூன்று தரம் அழித்து எழுதியிருக்கிறார், லூப்பில் ஒரு பிழையும் இல்லை. பைதன் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீட்டை. கணினி எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கிற அந்த யூனிகோடில் மெய்யின் புள்ளி தனிக் குறியீடு, உகரக் குறியும் தனிக் குறியீடு. மூன்று புள்ளி, ஒரு உகரம், எட்டோடு நான்கு பன்னிரண்டு. இதைத் தாளில் பிரித்து எழுதிக் காட்டினவுடன், அப்படியென்றால் சொல்லைத் திருப்பிப் போட்டால் உகரக் குறி முன்னுக்கு வந்து தனியே நிற்குமே என்று தானாகவே சொன்னார். போட்டுப் பார்த்தோம், அப்படியே நின்றது! அப்புறம் பைதனோடு வருகிற யூனிகோட்டேட்டா மொடியூலில் ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் கேட்டு, எம் என்று தொடங்குகிற வகையை (புள்ளி, உகரக் குறி போன்றவை) எண்ணாமல் விட்டோம், 8 வந்தது. க்ஷ வந்தால் இந்த வழி அதை இரண்டாக எண்ணும், அதை அடுத்த ஞாயிறுக்கு அவரே வைத்திருக்கிறார்.

அக்கரைப்பற்றிலிருந்து:

என் மருமகள் தாயக்கட்டை உருட்டுகிற புரோகிராம் எழுதி, ஃபைலுக்கு ரேண்டம் என்றே பெயர் வைத்துவிட்டார். ரேண்டம் என்பது எழுந்தமானமாக எண் தருகிற, பைதனோடு வருகிற மொடியூல். அதை எடுக்க இம்போர்ட் ரேண்டம் என்று எழுதினால் பைதன் முதலில் அதே ஃபோல்டரில்தான் தேடும், அவருடைய ஃபைலையே எடுத்துக்கொண்டு எண் உருட்டித் தருகிற ரேன்ட்இன்ட் என்று ஒன்று இதில் இல்லை என்றது. பைதனைக் கழற்றித் திரும்பப் போட்டும் சரிவரவில்லை என்று அழுகிற குரலில் போன் எடுத்தார். ஃபைலின் பெயர் என்ன மகள் என்று கேட்டேன். பெயரைச் சொல்லிக்கொண்டு போகையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

வாழைச்சேனையிலிருந்து:

மேலே தமிழ் எழுத்து எண்ணின கதையை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சங்க அங்கத்தவர் பெயர்ப் பட்டியலை வாசிக்க ஒரு தம்பி ஸ்கிரிப்ட் எழுதினார். விண்டோஸில் தமிழ் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்தைச் சேமித்திருக்கிற குறியீட்டு முறை) யூ.டி.எஃப்-8 என்று சொல்லாவிட்டால் எரர் வரலாம், எரர் வராமல் எழுத்து கிறுக்கலாகவும் வரலாம். அதைச் சொல்லிக் கொடுத்தேன், போட்டார், அப்போதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வந்தது. எக்செலிலிருந்து சி.எஸ்.வி. ஆகச் சேமித்த ஃபைல் என்றால் யூ.டி.எஃப்-8-சிக் போட்டுப் பாருங்கள் என்றேன், அதற்கும் மாற்றமில்லை. கடைசியில் பட்டியலை டைப் பண்ணின கொமினிகேஷன் கடைக்கே போய் என்ன எழுத்துரு என்று கேட்டோம், பாமினி என்றார் அங்கிருந்த ஐயா. பாமினியில் இருப்பது ஆங்கிலக் குறியீடுதான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது, எந்த என்கோடிங் போட்டாலும் அது தமிழாகாது. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். ஐயா பக்கத்தில் இருந்து எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லச் சொல்லத் தம்பி, பைதனில் சோடி சோடியாகப் பொருத்தி வைக்கிற டிக்‌ஷனரி ஒன்றில் எழுதிக்கொண்டே வந்தார், பெயர்கள் முழுக்கத் தமிழில் வரும்போது கடை பூட்டுகிற நேரமாகிவிட்டது.