பல்ஸ் கம்ப்ரஷனுக்குத் தமிழில் என்ன போடலாம்?

வணக்கம். துகள் முடுக்கி பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும், பல்ஸ் கம்ப்ரஷனில் வந்து நிற்கிறேன்: நீண்ட நுண்ணலைத் துடிப்பைக் குறுகிய நேரத்துக்குள் அடக்கித் திறனை உயர்த்துவது. எடுத்துக்காட்டு, 1974இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக் முடுக்கிக்காக வந்த ஸ்லெட் என்ற அமைப்பு. கிளைஸ்ட்ரான் என்ற நுண்ணலைப் பெருக்கி தரும் 3.5 மைக்ரோநொடி நுண்ணலையை இரண்டு ஒத்ததிர்வுக் குழிகள் வாங்கிச் சேர்த்து வைக்கின்றன. கடைசி 0.8 மைக்ரோநொடி வாக்கில் உள்ளே வரும் அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்க நிலையை) 180 பாகை திருப்பிவிட்டால், அதுவரை ஒன்றையொன்று எதிர்த்த இரண்டு அலைகள், அதாவது குழி வாயில் பட்டுத் திரும்புவதும் குழிக்குள்ளிருந்து கசிவதும், கூடிவிடுகின்றன. கொள்கையளவில் வீச்சு 3 மடங்கு, திறன் 9 மடங்கு வரை. 'துடிப்பு அமுக்கம்' சரியா?

* * *

> துடிப்பு அமுக்கம்

வேண்டாம். நீங்கள் அழுத்தம் என்பதைத்தான் இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்கிறோம், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ஒத்ததிர்வும் எங்களுக்குப் பரிவுதான். ஒரு கம்பி அதிர அடுத்த கம்பி தானாக அதிர்வதற்கு இதைவிட நல்ல சொல் உண்டா?

* * *

பரிவு இருக்கட்டும். கேட்டது கம்ப்ரஷன். அதற்குக் 'குறுக்கம்' என்று இலக்கணமே சொல் வைத்திருக்கிறதே! ஐகாரம் தனித்து 2 மாத்திரை, சொல்லின் இடையிலும் கடையிலும் 1. 'போன்ம்' என்பதில் மகரம் அரையிலிருந்து காலாகிறது. குறில், குறள், குறுமுயல் எல்லாம் ஒரே வேர்தான். குறும்பாடு என்ற ஆட்டினத்தின் பெயரையும் இதில் சேர்க்கலாம் என்பேன், ஆனால் அதைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம்.

* * *

ஐயா, ஐகாரம் குறுகினால் ஓசை உரக்கவா கேட்கிறது? போன மாத்திரை போனதுதான். இங்கே நேரம் குறையக் குறையத் துடிப்பின் உயரம் ஏறுகிறது, விஷயமே அதில்தான் இருக்கிறது. அதோடு மின்காந்த அலை ஏற்கெனவே குறுக்கலை, அதாவது செல்லும் திசைக்குக் குறுக்கே அலைவது. 'நுண்ணலைக் குறுக்கம்' என்றால் பிளஸ் டூ மாணவன் எதை நினைப்பான்? 'செறிவாக்கம்' போடுங்கள்.

* * *

செறிவைக் கரைசலுக்கும் ஒளிக்கும் கொடுத்தாயிற்று, இதற்குமா? அப்புறம், 9 மடங்கு என்றதோடு நிறுத்தாதீர்கள். அது ஒரு கணத்து உச்சம்தான், குழி காலியாகக் காலியாகச் சரிந்துவிடும். ஆற்றல் புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை, சுவரில் கொஞ்சம் வெப்பமாகவும் போய்விடும். சொல்லுக்கு என் வாக்கு 'துடிப்பிறுக்கம்'.

* * *

நன்றி. துடிப்பிறுக்கம் பொருந்துவதால் அதையே போடுகிறேன், முதல்முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே பல்ஸ் கம்ப்ரஷன் என்றும் இருக்கும். பரிவுக் குழி அடிக்குறிப்பில் வரும்.

* * *

இறுக்கம் என்றால் மன இறுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குறும்பாடு பற்றிய மடல் நாளை.