எஸ்க்யூஎல் பிளஸில் பேக்ஸ்பேஸ்: சர்வரில் சரிசெய்வதா, டெர்மினலிலா?

கருந்திரை:
லினக்ஸ் சர்வரில், ஆரக்கிள் டேட்டாபேஸுக்குக் கட்டளை தட்டும் எஸ்க்யூஎல் பிளஸைத் திறந்து பேக்ஸ்பேஸ் அழுத்தினால், எழுத்து அழியாமல் ^எச் என்று வந்து விழுகிறது. எல்லோரும் நுழையும் ஆரக்கிள் யூசரின் பாஷ் ப்ரொஃபைலில் (லாகின் ஆனதும் ஷெல்லான பாஷ் படிக்கும் ஃபைல்), அழிக்கும் எழுத்து எது என்று டெர்மினலுக்குச் சொல்லும் ‘எஸ்டிடிஒய் எரேஸ் ^எச்’ என்று ஒரு வரி சேர்த்தால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும். இதுதான் சரியான வழி என்கிறேன்.

லினக்ஸ்_வாசகி:
எல்லோருக்கும் தீராது. பேக்ஸ்பேஸ் அழுத்தினால் உங்கள் டெர்மினல் 8 என்ற குறியீட்டை (திரையில் ^எச்) அனுப்புகிறது, சர்வர் 127-ஐ (திரையில் ^?) எதிர்பார்க்கிறது. புட்டி என்ற டெர்மினல் மென்பொருள் இயல்பாகவே 127 அனுப்பும். ப்ரொஃபைலில் 8 என்று எழுதிவைத்தால், நாளை புட்டியில் வருபவருக்கு ^? விழும். உங்கள் டெர்மினலின் கீபோர்டு செட்டிங்கை மாற்றுங்கள், பொது யூசரின் ப்ரொஃபைலில் கைவைக்காதீர்கள்.

கருந்திரை:
குழுவில் ஆளுக்கொரு டெர்மினல். ஒவ்வொரு லேப்டாப்பாகப் போய் மாற்ற முடியுமா? அதுவும் பாஷில் இந்தத் தொல்லையே இல்லை. அப்படியானால் கோளாறு எஸ்க்யூஎல் பிளஸில்தானே?

நள்ளிரவு_டிபிஏ:
பாஷ், தட்டும் வரியைத் திருத்த ரீட்லைன் என்ற லைப்ரரியை வைத்திருக்கிறது, அது 8, 127 இரண்டையும் அழிப்பதாகவே எடுத்துக்கொள்ளும். எஸ்க்யூஎல் பிளஸ் அந்த வேலையை லினக்ஸின் மையமான கெர்னலிடம் விட்டுவிடுகிறது. கெர்னலுக்குத் தெரிந்த எரேஸ் எழுத்து ஒன்றே ஒன்றுதான்.

இதை வெறும் எரிச்சலாக நினைக்காதீர்கள். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிசகி, பேக்ஸ்பேஸ் தட்டி, சரியான எழுத்தை அடித்து, அவசரத்தில் இன்சர்ட் கொடுத்துவிட்டால் அந்த 8 டேபிளுக்குள்ளேயே போய் உட்காரும். செலக்ட் போட்டால் கர்சர் பின்னே நகர்ந்து தவறான எழுத்தின் மேலேயே சரியானது விழும், பார்வைக்குப் பிழையே தெரியாது. எழுத்துகளின் குறியீட்டு எண்களைக் காட்டும் டம்ப் ஃபங்ஷனில் பார்த்தால்தான் நடுவில் 8 தெரியும். பாஸ்வேர்டு கேட்கும் இடம் இன்னும் மோசம், திரையில் எதுவுமே தெரியாது. பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்னும் ஓஆர்ஏ-01017 பிழை வந்துகொண்டே இருக்கும். டேட்டாபேஸ் யூசர்களுக்கான ஆரக்கிளின் டீஃபால்ட் ப்ரொஃபைலில் (இது பாஷ் ப்ரொஃபைல் அல்ல) 10 முறை தவறினால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும்.

கட்டளைவரி:
மற்ற நிரல்களுக்கு ரீட்லைனைச் சேர்த்துத் தரும் ஆர்எல்ராப் வழியாக எஸ்க்யூஎல் பிளஸை ஓட்டுங்கள். ரீட்லைன் வந்துவிடும், மேல் அம்புக்குறியில் பழைய கட்டளைகளும் கிடைக்கும்.

நள்ளிரவு_டிபிஏ:
உண்மையான பயன்பாட்டில் உள்ள ப்ரொடக்‌ஷன் சர்வரில் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘ஆல்டர் யூசர்’ போட்டுப் பாஸ்வேர்டு மாற்றினால் அந்த வரி அப்படியே ஆர்எல்ராப்பின் ஹிஸ்டரி ஃபைலில் கிடக்கும்.

கருந்திரை:
சரி, ப்ரொஃபைல் வரியை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

லினக்ஸ்_வாசகி:
எழுதியே ஆக வேண்டுமென்றால், இன்புட் டெர்மினல்தானா என்று பார்க்கும் ‘-டி 0’ சோதனைக்குள் எழுதுங்கள். வெறுமனே எழுதினால் டெர்மினல் இல்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுகளில் பிழை கக்கும். ஆரக்கிளின் இன்ஸ்டலேஷன் கையேடே இதை எச்சரிக்கிறது. அதற்கு முன் பாஷில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டுப் பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள், உங்கள் டெர்மினல் எதை அனுப்புகிறது என்று தெரியும். ‘எஸ்டிடிஒய் -ஏ’ போட்டால் சர்வர் எதை எதிர்பார்க்கிறது என்று தெரியும். குழுவில் எல்லோரும் இதைச் செய்து, எல்லோருக்கும் ^எச் வந்தால் உங்கள் வரி இருக்கட்டும். ஒருவருக்கு ^? வந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.