மெட்ரோ வேலையின் சமூகத் தாக்கம்: எம்.இ. ஆய்வுக்கு எதை, யாரிடம், எப்படி அளப்பது?

சாரமரம் (கேள்வி)

வணக்கம். கட்டுமான மேலாண்மையில் எம்.இ. கடைசி வருட ஆய்வு. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஒரு சுரங்க நிலையம் கட்டும் வேலை அந்தத் தெருவில் இருக்கிறவர்களை எப்படிப் பாதிக்கிறது, திட்ட மேலாண்மையில் எதை மாற்றினால் பாதிப்பு குறையும் என்பது தலைப்பு.

30 காரணிகள் கொண்ட வினாத்தாள், 1 முதல் 5 வரை மதிப்பெண், 100 இன்ஜினியர்களுக்கு கூகுள் ஃபார்ம், கடைசியில் ஆர்.ஐ.ஐ. (ஒவ்வொரு காரணியும் எவ்வளவு முக்கியம் என்று காட்டும் குறியீட்டெண்) போட்டு வரிசைப்படுத்துவது என்று திட்டமிட்டிருந்தேன். கைடு "இது போதாது, தெருவிலிருந்து தரவு வேண்டும்" என்கிறார். கையில் ஐந்து மாதம்தான். தகரத் தடுப்பு போட்டு வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் 'முன்பு எப்படி இருந்தது' என்ற கணக்கு என்னிடம் இல்லை. கடைக்காரர்கள் வியாபாரத் தொகையைச் சொல்ல மறுக்கிறார்கள். எத்தனை பேரைக் கேட்டால் போதும்? 2013 நில எடுப்புச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை இருக்குமே, அதை எங்கே வாங்குவது?

அளவுநாடா

உங்கள் கைடு சொல்வதுதான் சரி. இன்ஜினியரிடம் சமூகத் தாக்கம் பற்றிக் கேட்டால், சமூகத் தாக்கம் பற்றிய இன்ஜினியரின் அபிப்பிராயம் கிடைக்கும், தாக்கம் கிடைக்காது. ஆர்.ஐ.ஐ. என்பது கொடுத்த மதிப்பெண்களைக் கூட்டி, அதை உச்ச மதிப்பெண்ணும் பதில் சொன்னவர் எண்ணிக்கையும் பெருக்கிய தொகையால் வகுப்பது, அவ்வளவுதான். 100 பேரிடம் வாங்கிய பதிலில் 0.82-க்கும் 0.80-க்கும் வித்தியாசம் இருப்பதாகச் சொல்லவே முடியாது. ஆனாலும் அதை வைத்து ஒன்றாம் இடம், இரண்டாம் இடம் என்று எழுதுகிறார்கள். குரோன்பாக் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண் 0.9 வந்துவிட்டது என்பதும் சான்று ஆகாது. பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்றுதான் அது காட்டும், கேட்ட கேள்வி சரியானது என்று காட்டாது.

எண்ணிக்கைக்கு வருவோம். 95 சதவீத நம்பிக்கை, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழை என்றால் சூத்திரம் 385 என்று சொல்லும். தெருவில் மொத்தமே 240 கடை என்றால் 385-ஐ (1 + 384/240)-ஆல் வகுக்க வேண்டும், 148 வரும். அதைக் கடை வகைப்படி பிரித்துக்கொள்ளுங்கள். டீக்கடை, மளிகை, ஜவுளி, பிளாட்பாரக் கடை எல்லாவற்றையும் ஒரே சராசரியில் கலந்தால் பிளாட்பாரக்காரரின் நஷ்டம் ஜவுளிக்கடைக் கணக்கில் மறைந்துவிடும்.

வியாபாரத் தொகையைக் கேட்காதீர்கள். வருமான வரி, வாடகை உயர்வு என்று ஆயிரம் பயம் அவர்களுக்கு. அதற்குப் பதிலாகப் பொருளைக் கேளுங்கள். டீக்கடையில் "தினம் எத்தனை லிட்டர் பால் வாங்குறீங்க, தடுப்பு போடுறதுக்கு முன்னாடி எத்தனை?" என்றால் தயங்காமல் சொல்வார்கள். பால் போடுபவரின் கணக்கு நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் தேதி இருக்கும். அடுத்தது இ.பி. ரீடிங். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் கடைக்காரர் சம்மதித்து இணைப்பு எண் கொடுத்தால் தடுப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஆனால் எல்லாக் கடைக்கும் இது பொருந்தாது. ஃப்ரிட்ஜ் ஓடும் கடையில் வியாபாரம் பாதியானாலும் யூனிட் பெரிதாகக் குறையாது. ஜெராக்ஸ், அயர்ன், மாவரைக்கும் கடைக்கு நன்றாகப் பொருந்தும். வேலையாட்கள் எத்தனை பேர், கடை எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள் என்பவையும் உண்மையைச் சொல்லும்.

ஒப்பிட இன்னொரு தெரு கட்டாயம் வேண்டும். எடுத்துக்காட்டாக, வேலை நடக்கும் தெருவில் பால் 40 லிட்டரிலிருந்து 26 ஆனது, வேலை இல்லாத தெருவில் 38-லிருந்து 34 ஆனது என்றால், மெட்ரோ கணக்கில் எழுத வேண்டியது 14 அல்ல, 10. மீதி நாலு ஊரெல்லாம் குறைந்தது. அந்த ஒப்பீட்டுத் தெருவாகப் பக்கத்துத் தெருவை எடுத்துவிடாதீர்கள். திருப்பிவிட்ட கூட்டம் அங்கேதான் போயிருக்கும், அதன் வியாபாரம் ஏறியிருக்கும், உங்கள் கணக்கில் நஷ்டம் ஊதிப்போகும்.

நடப்பவர்களை எண்ண ஒவ்வொரு மணியிலும் 10 நிமிடம், இரண்டு பக்கமும், காலை 10 முதல் இரவு 9 வரை. ஒரு வார நாள், சனி, ஞாயிறு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களையும் மாத முதல் வாரத்தையும் தவிருங்கள். கையோடு நடைபாதையில் தடையில்லாத அகலத்தையும் டேப் வைத்து எடுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் நடைபாதை வழிகாட்டி (ஐ.ஆர்.சி. 103) குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் தள்ளிப்போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்ததற்குத் தடுப்பைவிட பஸ் ஸ்டாப் நகர்ந்தது பெரிய காரணமாக இருப்பதுண்டு. அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் மிகக் குறைவு.

கல்வெட்டு

அறிக்கை பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் தேடுவது பெரும்பாலும் இருக்காது.

2013 சட்டத்தின் 105-ஆம் பிரிவும் நான்காம் அட்டவணையும் 13 மத்தியச் சட்டங்களுக்கு விலக்கு தருகின்றன, அதாவது அவற்றின் கீழ் நிலம் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை. 1978-ஆம் வருட மெட்ரோ ரயில்வே சட்டமும் 1956-ஆம் வருட தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் அதில் உண்டு. தமிழ்நாடு தன் பங்குக்கு 105-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997 நில எடுப்புச் சட்டம், 2001 நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அது செல்லாது என்றது. அதே வருடம் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து மூன்றையும் உயிர்ப்பித்தது, உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே முதலில் உங்கள் நிலையத்துக்கான நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது என்று அரசிதழ் அறிவிப்பில் பாருங்கள். "சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடு நடந்தது" என்று அறிமுக அத்தியாயத்திலேயே எழுதிவிட்டு வைவாவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குக் கிடைக்கக்கூடியது கடன் கொடுத்தவர்களின் ஆவணம். மூன்று வழித்தடம், 118.9 கிலோமீட்டர் கொண்ட இரண்டாம் கட்டத்துக்கு ஜைக்கா (ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு), ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை கடன் தருகின்றன. உங்கள் நிலையத்தின் பகுதி யாருடைய கடனில் வருகிறது என்று கண்டுபிடித்து, அவர்கள் இணையதளத்தில் மறுகுடியமர்வுத் திட்டம், கண்காணிப்பு அறிக்கை என்று தேடுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் கணக்கெடுப்பு, தகுதிக்கான கடைசித் தேதி, யாருக்கு என்ன உதவி என்ற அட்டவணை எல்லாம் அதில் இருக்க வேண்டியவை.

உங்கள் ஆய்வுக்கான இடைவெளி அங்கேதான் இருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009 கொள்கை பட்டா இல்லாதவர்களையும் கணக்கில் எடுக்கிறது, தற்காலிக நஷ்டத்தையும் ஏற்கிறது. ஆனால் அந்த நஷ்டம் நிலம் எடுத்ததாலோ நிலப் பயன்பாட்டைத் தடுத்ததாலோ வந்திருக்க வேண்டும். ஒரு சதுர அடிகூடப் போகாமல் வாடிக்கையாளர் மட்டும் போன கடை இந்தப் பட்டியலுக்குள் வருவது கடினம். மறுகுடியமர்வுப் பட்டியலையும் நீங்கள் தெருவில் எடுக்கும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் விடுபட்டார்கள் என்பதே ஒரு அத்தியாயத்துக்கு வரும்.

டி_வால்

மேலாண்மைப் பக்கம் இல்லாமல் இது சமூகவியல் ஆய்வாகிவிடும். வேலை அட்டவணையோடு கட்டுங்கள்.

எளிய அளவு ஒன்று: தடுப்பின் நீளத்தை அது நின்ற நாட்களால் பெருக்குங்கள். 180 மீட்டர், 900 நாள் என்றால் 1,62,000 மீட்டர்-நாள். பிறகு தினசரி முன்னேற்ற அறிக்கையை வைத்து, அதில் உள்ளே வேலை நடக்காமல் தடுப்பு மட்டும் நின்ற நாட்களைத் தனியே எடுங்கள். அந்தப் பங்குதான் முக்கியம், ஏனென்றால் யாருக்கும் பயன் இல்லாமல் தெரு பட்ட கஷ்டம் அது. பெரும்பாலும் காரணம் பூமிக்கடியில் இருக்கும்: வரைபடத்தில் இல்லாத பழைய கழிவுநீர்க் குழாய், வேறு ஆழத்தில் போகும் மின் கேபிள். தடுப்பு போடுவதற்கு முன்பே சோதனைக் குழி வெட்டிப் பார்த்துவிட்டு, குழாய் மாற்றும் வேலையைத் துண்டு துண்டாக முடித்திருந்தால் இந்த நாட்கள் குறையும்.

அடுத்தது கட்டும் முறை. கீழிருந்து மேலே கட்டினால், நிலையப் பெட்டி முழுக்க எழும்பி மேல் தளம் போட்டு மண் மூடும்வரை சாலை கிடைக்காது. மேலிருந்து கீழே கட்டினால் மேல் தளத்தை முதலில் போட்டுச் சாலையின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், தோண்டும் வேலை தளத்துக்கு அடியில் நடக்கும். அதற்கு விலை உண்டு: மண்ணைச் சின்னத் திறப்பு வழியாகத்தான் எடுக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும், தற்காலிகத் தூண்கள் வேண்டும், மொத்தக் காலம் நீளலாம். மொத்தக் காலத்தை மட்டும் பார்க்கும் மேலாளருக்கு அது தாமதம், தெருவுக்கு அது விடுதலை. லண்டனில் 2012 முதல் நெரிசலான சாலையை வேலைக்கு அடைத்தால் நாளுக்கு 2,500 பவுண்டு வரை கட்டணம் வாங்குகிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலை டெண்டர்களில் வேலைச் செலவோடு, நாட்களுக்கு ஒரு விலை வைத்து அதையும் கூட்டிக் குறைந்த தொகையைத் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. உங்கள் பரிந்துரை இந்தத் திசையில் இருந்தால் கனமாக இருக்கும்.

இரவுச் சத்தம் பற்றி எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள். டி-வால் (தோண்டுவதற்கு முன்பே நிலத்துக்குள் துண்டு துண்டாக ஊற்றும் கான்கிரீட் சுவர்) பேனல் ஒன்று 6 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம், 1 மீட்டர் கனம் என்றால் 150 கன மீட்டர் கான்கிரீட். 6 கன மீட்டர் லாரியில் 25 நடை. குழி சரியாமல் பென்டோனைட் என்ற களிமண் குழம்பின் பலத்தில் நிற்கிறது. ஊற்ற ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் இணைப்பில் குழம்பு புகுந்து பின்னால் தண்ணீர் கசியும். பகலில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடு, அதனால் ராத்திரிதான் ஊற்றுகிறார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை விதி 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55. தெருவின் சாதாரண இரவே அதைத் தாண்டியிருக்கும், ஆகையால் ஊற்றும் இரவையும் ஊற்றாத இரவையும் எடுத்து வித்தியாசத்தைக் காட்டுங்கள். மொபைல் ஆப் வேண்டாம், கல்லூரி லேபில் மீட்டர் இருக்கும். 94 டெசிபல் காலிபரேட்டரில் சரிபார்த்துவிட்டு எடுங்கள்.

சாரமரம்

எல்லாருக்கும் நன்றி. பஸ் ஸ்டாப் விஷயம் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம்: இப்போது தெருவில் இருக்கும் கடைகளை மட்டும் கேட்டால், ஏற்கெனவே மூடிவிட்டுப் போனவர்களை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

கீழவீதி

இந்தக் கேள்வியை இப்போதே கேட்டது நல்லது. அதிகம் அடி வாங்கியவர் தெருவை விட்டே போயிருப்பார். மிச்சம் இருப்பவர்களை மட்டும் கேட்டால், தாக்குப்பிடித்தவர்களின் கணக்குதான் வரும், தாக்கம் லேசாகத் தெரியும்.

கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2022-இல் சென்னைக்கு வந்தது. உங்கள் தெருவுக்குத் தடுப்புக்கு முந்தைய படம் இருந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு கதவாகப் பார்த்துப் பெயர்ப்பலகையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே வரிசையில் நடந்து போய், இருக்கிறது, பெயர் மாறிவிட்டது, ஷட்டர் இறங்கியிருக்கிறது என்று மூன்று நிறத்தில் குறியுங்கள். பலகையிலேயே போன் நம்பர் இருக்கும், போனவரைப் பிடிக்க அது போதும். அந்த நம்பரை ஆய்வறிக்கையில் போடக் கூடாது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே பேசுங்கள்.

ஷட்டர் இறங்கியதெல்லாம் மெட்ரோவால் அல்ல. அதற்குத்தான் அளவுநாடா சொன்ன ஒப்பீட்டுத் தெரு. அங்கேயும் இதே மாதிரி எண்ணிக் கழித்துவிடுங்கள்.

தள்ளுவண்டிக்காரருக்குப் பலகையும் இல்லை, படத்தில் சிக்கியது அன்றைக்கு அவர் நின்ற இடம் மட்டும். அவர்களைத் தேட டீ மாஸ்டர், ஆட்டோ ஸ்டாண்டு, பூக்காரம்மா ஆகியோரிடம் கேளுங்கள். எங்கே நின்றார், எங்கே போனார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் காட்டி இன்னொருவர் என்று போகும் இந்த சாம்பிளில் சதவீதம் போடாதீர்கள். எண்ணிக்கையும் அவர்கள் சொன்னதும் போதும்.

தொழிலாளர்களையும் சேர்ப்பதாக இருந்தால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள், தங்கும் முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். வினாத்தாள் இந்தி, வங்காளம், ஒடியாவில் வேண்டும். கடைக்காரர்களுக்குத் தமிழில் அச்சடித்து, நீங்களே வாசித்துக் கேட்டு எழுதுங்கள். ஒருவருக்கு 12 நிமிடத்தைத் தாண்டினால் கல்லாவில் நிற்பவர் பதிலைச் சுருக்கிவிடுவார். முதலில் பத்துக் கடையில் ஓட்டிப் பார்த்து, புரியாத கேள்வியை வெட்டிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.