பனங்கூடல் தீக்கு அரசாங்கக் காசு: பாதைக்கோ, காவோலைக்கோ?

வடலியன்:
மற்ற இழையில ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "பிரதேச சபைக்கு ஒரு தண்ணிப் பவுசரும், பனங்கூடலை, அதாவது பனந்தோப்பைச் சுத்தி 10 அடிப் பாதை வெட்டக் காசும் அரசாங்கம் தந்தால் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில ஒரு பனையும் எரியாது." நல்ல பகிடி. 5,000 லீற்றரோட பவுசர் மணலுக்கை இறங்கினால் அச்சுவரைக்கும் புதையும், அதை இழுக்க வேற ட்ரக்டர் வேணும். 10 அடி புல்லுத் தீயை மறிக்கும். ஆனால் சோளகக் காத்து அடிக்கேக்கை பனைத் தலையில, வட்டில தொங்கிற காஞ்ச ஓலை, அதுதான் காவோலை, பத்தினால் நெருப்போட பறந்து அங்கால விழும். காசு போகவேண்டியது காவோலை தட்டுறதுக்கு.

ஒழுங்கைக்காரன்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லி எழுதப் பயமோ? தீ துவங்கிறது றோட்டோரப் புல்லிலயும் குப்பை கொளுத்திற இடத்திலயும். மண் தெரிய 10 அடி செருக்கிவிட்டால் உள்ளுக்கை போகாது. போகாட்டி காவோலை தானாப் பத்துமோ?

வடலியன்:
மாசியில செருக்கிறியள் எண்டு வைப்பம். ஒரு பனை வருசத்துக்கு 12, 14 ஓலை விடும், அவ்வளவும் ஒருநாள் காவோலைதான். விழுந்து விழுந்து வைகாசிக்கு உங்கட பாதை மூடுப்பட்டிடும். பிறகு அது பாதையில்லை, திரி.
ஆளுயரத்தில இருந்து 15 அடி வரைக்குமான மரங்கள்தான் முதல் வேலை. அதுகளில காவோலை நிலம்மட்டும் தொங்கும், புல்லுத் தீ அதாலதான் மேல ஏறுது. கொக்கத்தடியில சத்தகக் கத்தி கட்டி நிலத்தில நிண்டே இழுக்கலாம். உயர்ந்த மரத்துக்குக் காலில மாட்டுற தளநாரோட ஏறுற ஆள் வேணும், கூலியில பெரும்பங்கு அங்கைதான் போகும். கள்ளுக்குச் சீவுற பனையில காவோலை நிக்காது, அதுகளை விடலாம். தட்டினதை அடிமரத்தோட குவிச்சால் வேலை முழுக்கப் பிழை: நிண்டு எரிஞ்சு சூடு நேர வட்டுக்குப் போகும். வட்டுக்குள்ள இருக்கிறது ஒரே குருத்து. அது வெந்தால் மரம் செத்துப்போகும், பக்கத்தால துளிர்க்காது. சின்ன வடலிக்குக் குருத்து மண்ணுக்குள்ள, அது எரிஞ்சாலும் திரும்ப வரும்.

ஒழுங்கைக்காரன்:
கட்டுரை நல்லாயிருக்கு. 10 அடி ஏன் காணாது எண்டு இன்னும் சொல்லேல்லை.

வடலியன்:
சொல்லியாச்சு. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு வாசியுங்கோ.

கலிபோர்னியாத் தம்பி:
அண்ணைமார், இஞ்ச அமெரிக்காவில 2021 உட்கட்டமைப்புச் சட்டத்தில காட்டுத்தீயைத் தடுக்க ஊர்களுக்கெண்டு 5 வருசத்துக்கு 100 கோடி டொலர் ஒதுக்கினவை. தீத்திட்டம் எழுத 2,50,000 டொலர் வரை, வேலைக்கு 1 கோடி டொலர் வரை. வேலையெண்டால் ஊர் 25 வீதம் போடவேணும். 10 வருசத்துக்குள்ள எழுதின திட்டத்தில அந்த வேலை இல்லாட்டி காசும் இல்லை. வீட்டோட ஒட்டின 5 அடிக்குள்ள எரியிற சாமான் ஒண்டும் வையாதையுங்கோ எண்டும் சொல்லுவினம்.

ஒழுங்கைக்காரன்:
அங்க 5 அடி காணுமாம், இஞ்ச 10 அடி காணாதாம். நன்றி தம்பி.

வடலியன்:
அது வீட்டுச் சுவருக்கு! கூடலுக்கில்லை. 5 அடியைத் தூக்கிக்கொண்டு இஞ்ச ஓடிவாறார்.

கிடுகுவேலி:
தம்பி சொன்ன 5 அடி எங்களுக்குத்தான் சரியாப் பொருந்துது. கூடல்ல பத்தின தீ ஓலைவேலியைப் பிடிச்சுக்கொண்டு நேர அடுப்படிக்கு வரும். வீட்டுப் பக்கத்து வேலித் துண்டை மட்டும் தகரமாக்கினால் அதோட நிக்கும். முந்தி வேலிக்கும் கூரைக்கும் புகையிலைத் தோட்டப் பசளைக்கும் வருசாவருசம் ஓலை வெட்டினவை, கூடல் தானாத் துப்புரவாக் கிடந்தது. இப்ப எல்லாரும் மதில்.

ஒழுங்கைக்காரன்:
தொடங்கீட்டா. போன மாசம் மதில் இழையிலயும் இதே பாட்டுத்தான். அக்கா, மதில் எரியாது.

கிடுகுவேலி:
மதில் எரியாது, காணிக்குள்ள கிடக்கிற காவோலை எரியும். காணிக்காரர் பாதிப்பேர் வெளிநாட்டில. தம்பி, அந்த 25 வீதத்தை நீங்கள் அனுப்புவியளோ?

கலிபோர்னியாத் தம்பி:
காசாத்தான் போடவேணும் எண்டில்லை அக்கா. ஊராற்ற உழைப்பையும் ட்ரக்டர் ஓட்டத்தையும் கணக்கில எடுப்பினம். வசதி குறைஞ்ச ஊருக்கு அந்தப் பங்கைத் தள்ளுபடியும் செய்வினம்.

வடலியன்:
அப்ப எங்கட சிரமதானத்தையும் கணக்குப் பார்க்கலாம். மாசி, பங்குனிக்குள்ள முடிக்கவேணும். ஒரு அணிக்கு கொக்கத்தடி 4, தளநார் ஏறுற ஆள் 2, ஓலை இழுக்க 6 பேர், ஒரு ட்ரக்டர் பெட்டி. மருந்தடிக்கிற 16 லீற்றர் டாங்கி 2 தண்ணியோட பக்கத்தில நிக்கவேணும். பச்சையோலையில கைவைக்கக் கூடாது, வைச்சால் காய்ப்புக் குறையும். அணிக்கு ஆள் தேடுற வேலையை ஒழுங்கைக்காரன் எடுக்கட்டும், ஊர்ப் பொதுவேலை எண்டால் முன்னுக்கு நிக்கிற ஆளெல்லோ.

ஒழுங்கைக்காரன்:
நக்கல் வேண்டாம். போன சிரமதானத்துக்கு எடுத்த மண்வெட்டி 3 திரும்ப வரேல்லை, அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்கோ.

வடலியன்:
மண்வெட்டி சங்கத்துக் கொட்டிலில கிடக்கு. திறப்பு உங்கட மச்சானிட்டை.

ஒழுங்கைக்காரன்:
மச்சானை ஏன் இதுக்கை இழுக்கிறியள்?