சிங்கப்பூரிலிருந்து வந்த சீன அடிகாய மருந்து: வார்பரின் எடுக்கும் அப்பாவுக்குப் பாவிக்கலாமா?

படுவான்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு வயது 64. முந்தாநாள் காலையில் வட்டைக்குப் போய்த் திரும்பும்போது, மழையில் ஊறிக் கிடந்த வரம்பு சரிந்து, வலது கால் வாய்க்காலுக்குள் மடங்கி விழுந்துவிட்டார். கணுக்காலின் வெளிப்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்து வீங்கியிருக்கிறது. எழுந்து நின்றாலும் இரண்டு அடி வைப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறார். எட்டு வருடங்களுக்கு முன்னர் அவருக்கு இதய வால்வு மாற்றப்பட்டது. அன்றிலிருந்து இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுத்து வருகிறார்.

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் என் தம்பி, போன முறை ஊருக்கு வந்தபோது மூன்று மருந்துகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த கோடாலித் தைலம். மற்றொன்று சீன எழுத்தில் மட்டும் பெயர் போட்ட, கற்பூரமும் சாராயமும் கலந்தது போல மணக்கும் மண்ணிறப் போத்தல். மூன்றாவது ஒரு மாத்திரை அட்டை. அதில் 16 கூட்டுக் குளிகைகளும் நடுவே மிளகை விடச் சற்றுப் பெரிய சிவப்பு உருண்டை ஒன்றும் இருக்கின்றன. வேலைத்தளத்தில் அடிபடும் சீனத் தொழிலாளர்கள் இதைத்தான் விழுங்குகிறார்கள் என்றும், அந்தச் சிவப்பு உருண்டை பெரிய அடிக்கு உரியது என்றும் தம்பி சொல்கிறான்.

போத்தலில் உள்ளதை அம்மா ஏற்கெனவே இரண்டு நாளாகக் காலையும் மாலையும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். குளிகையையும் கொடுக்கலாமா, அல்லது எங்கள் பக்கத்து முறிவு வைத்தியரிடம் கூட்டிப் போவதா என்று வீட்டில் ஒரே வாக்குவாதமாக இருக்கிறது. இவற்றுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

காரைதீவுச் சித்தம் எழுதியது:

தம்பி, முதலில் அந்தச் சிவப்பு உருண்டையை எடுத்துப் பூட்டி வையுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்தவன். சீன வைத்தியன் அல்லன். ஆனாலும் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் யுன்னான் பாய்யாவ் என்ற மருந்துக்குப் பொருந்துகின்றன. சீனாவின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்தில் 1902 ஆம் ஆண்டு சூ ஹுவான்சாங் என்ற வைத்தியர் உருவாக்கிய இரத்தக்கட்டு மருந்து அது. போர்க்களத்தில் காயப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பேர் பெற்றதால், இன்றும் அங்கே பல வீடுகளில் இருக்கும். முழுச் செய்முறை அரச இரகசியமாகவே காக்கப்படுகிறது. வெளியே தெரிந்த முதன்மைச் சரக்கு சான்சீ என்னும் வேர். அது ஜின்செங்குக்கு இனமான செடி. வெளியே வழியும் இரத்தத்தை நிறுத்தும், உள்ளே கட்டிய இரத்தத்தைக் கலைக்கும் என்று ஒரே மூச்சில் இரண்டு எதிரான குணங்களை அதற்குச் சொல்வார்கள். வார்பரின் எடுக்கும் ஒருவரின் உடம்பில் இவற்றில் எது மேலோங்கும் என்று முன்கூட்டிச் சொல்லத்தக்கவர் யாரும் இல்லை.

இரகசியத்துக்குள் இருந்த இன்னொரு சரக்கு பிறகு வெளியே வந்தது. 2013 ஆம் ஆண்டு ஹொங்கொங் சுகாதாரத் திணைக்களம் சோதித்தபோது, உறையில் குறிப்பிடாத அக்கோனைட் நஞ்சு அதில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அக்கோனைட் என்றால் வேறொன்றுமில்லை, நம்முடைய நாவிக் கிழங்கின் இனந்தான். நம்மவர்கள் நாவியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். சீனர்கள் மணிக்கணக்காக அவித்து அதன் கடுமையைக் குறைக்கிறார்கள். பக்குவம் தவறினால் உதடும் நாக்கும் மரத்து, வாந்தி எடுத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வால்வு மாற்றிய இதயத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

சீனரின் அடிகாய வைத்தியத்தையே மட்டமாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்களுடைய சரக்குப் பெட்டியைத் திறந்தால் பாதி நம் பெட்டியாகவே இருக்கும். குந்துருக்கம், வெள்ளைப்போளம், செந்துருக்கப் பூ, வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டி ஆகிய அனைத்தும் அவர்களுடைய அடிகாயச் சூரணங்களில் சேர்கின்றன. குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் அவர்களுக்கும் அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலில் போனவையே. சீனத் தளபதி செங் ஹே 1409 ஆம் ஆண்டிட்டுப் பொறித்த, காலி நகரில் கிடைத்த கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் நிற்கின்றன; அதில் காணிக்கையாகச் சொல்லப்படும் பொருள்களில் வாசனை எண்ணெயும் ஒன்று. எதிர்த்திசையில் வந்ததற்கு இரேவற்சின்னி என்ற பெயரே சாட்சி. அதன் வாலில் சீனா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். புதிதாக அடிபட்டுச் சிவந்து சூடாக இருக்கும் இடத்தில் சூடான எண்ணெயைத் தேய்ப்பதைச் சீன முறையே ஏற்பதில்லை. முதலில் அந்த இரேவற்சின்னியும் வேறு குளிர்ச்சியான சரக்குகளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். வீக்கம் வற்றி, நோவு உறைந்து விறைப்பாக நிற்கும்போதுதான் சூடு தரும் மருந்துகள் வரும். இரத்தம் ஓடாத இடத்தில் நோவு, ஓடினால் நோவில்லை என்பது அவர்களுடைய பழைய வாக்கு. அதைக் கேட்டுவிட்டு முதல் நாளே ஓடவைக்க வேண்டும் என்று தேய்ப்பவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

இன்னொன்று: அந்தக் குளிகையின் துண்டுப் பிரசுரத்தில், மருந்து எடுத்த நாளில் மீன் சாப்பிடக் கூடாது என்றும் எழுதியிருக்கும். வாவிக்கரை வீடுகளில் இது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

கல்லடி மருந்தாளர் எழுதியது:

மேலே ஐயா சொன்னது சரி. ஆனால் எனக்குக் குளிகையை விட அந்தப் போத்தலைப் பற்றித்தான் அதிகக் கவலை. ஏனென்றால் குளிகை இன்னும் அட்டையில் இருக்கிறது, போத்தலோ இரண்டு நாளாக உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த வகைத் தைலங்கள் பெரும்பாலானவற்றில், கோடாலித் தைலத்திலும்கூட, மெதைல் சலிசிலேட் என்ற பொருள் இருக்கிறது. அது அஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. தோலில் பூசினால் தோலோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம், அப்படி நிற்பதில்லை. அகலமாகப் பூசி, அழுத்தித் தேய்த்து, மேலே துணி சுற்றிக் கட்டினால் இரத்தத்தில் சேர்ந்து வார்பரினின் வேகத்தைக் கூட்டிவிடும். சீன எழுத்துப் போத்தல்களில் செந்துருக்கப் பூவும், தாங்குயி என்ற வேரும் அடிக்கடி இருக்கும். தாங்குயியை உள்ளே எடுத்தவர்களிடம் இரத்தம் உறையும் நேரம் நீண்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. எனவே தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். போத்தலைச் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தூய மெதைல் சலிசிலேட் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 7 கிராம் அஸ்பிரினுக்குச் சமம், அது ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தானது.

நான் உங்களிடம் கேட்க வேண்டியவை சில உள்ளன. விழும்போது தலை எங்கேனும் அடிபட்டதா? வார்பரின் எடுப்பவர் தலையை இடித்துக்கொண்டால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வைத்தியசாலையில் காட்ட வேண்டும். வீக்கம் நேற்றைவிட இன்று பெரிதாகிறதா, கால் விரல்கள் குளிர்ந்து மரத்துப் போகின்றனவா? ஆம் என்றால் இதை வாசித்து முடிக்கும் வரை காத்திருக்காமல் புறப்படுங்கள். இல்லையென்றாலும், நான்கு அடி எடுத்துவைக்க முடியாத கணுக்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். முறிவு வைத்தியரிடம் போக வேண்டுமென்று வீட்டார் விரும்பினால், அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நல்ல வைத்தியர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

நோவுக்குப் பனடோலை (பரசிட்டமோல்) அளவோடு கொடுக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கவே வேண்டாம். இரத்தம் கட்டுகிறதே என்று பயந்து வார்பரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். செயற்கை வால்வில் இரத்தம் உறைந்தால் அது கணுக்காலை விடப் பல மடங்கு பெரிய ஆபத்து. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர் பரிசோதனையை இன்றோ நாளையோ செய்வித்து, எண்ணெய் பூசியதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பொதுவாக வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூலிகை என்று விற்கப்படும் சில மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரோய்ட் களவாகக் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் நோவு பறந்துவிட்டது என்று ஒருவர் புகழும் மாத்திரையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அக்கரைச் சிலம்படி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அக்கரைப்பற்றில் இளைஞர்களுக்குச் சிலம்படியும் சீனடி என்ற தற்காப்புக் கலையும் பழக்குகிறேன். எங்களிடம் அடிபடாத கை கால் இல்லாததால் இதில் எழுதத் துணிகிறேன்.

அந்த மண்ணிறப் போத்தல் பெரும்பாலும் சீனப் போர்க்கலைக்காரர்கள் டிட் டா ஜோ என்று சொல்லும் மருந்தாக இருக்க வேண்டும். விழுந்தால், அடிபட்டால் பூசும் மது என்பதே அந்தப் பெயரின் பொருள். சரக்குகளை இடித்துக் கடுமையான சாராயத்தில் போட்டு, மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் மூடி வைத்து எடுப்பார்கள். ஒவ்வொரு ஆசானுக்கும் ஒரு செய்முறை உண்டு. அதைச் சீடனுக்கும் இலேசில் சொல்லமாட்டார்கள். மலேசியாவிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்த போத்தலை நான் பல வருடம் பாவித்தேன். வெறும் கன்றலுக்கும், மூங்கில் தடி பட்ட முன்கை நோவுக்கும் அது இதம் தந்தது. அந்த இதத்தில் எவ்வளவு சரக்கினால், எவ்வளவு தேய்த்த கையினால் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. குடிக்கவே கூடாது என்பதும் தோல் கிழிந்த இடத்தில் படக் கூடாது என்பதும் உறுதி. அதில் நாவி போன்ற நஞ்சுச் சரக்குகள் சேர்வதும் உண்டு.

இனி என் பிழையைச் சொல்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன்னர் ஒரு மாணவன் கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டில், பெருவிரலின் அடியில் உள்ள குழியில் நோவு என்றான். வீக்கம் கொஞ்சம்தான் இருந்தது. சுளுக்கு என்று முடிவு கட்டி, மூன்று கிழமை நானே அந்த மருந்தைப் பூசி உருவினேன். பூசும்போது நோவு குறைந்ததால் அவனும் நம்பினான், அவனுடைய வாப்பாவும் நம்பினார். கடைசியில் படம் எடுத்தபோது அந்தக் குழிக்குள் இருக்கும் சிறிய எலும்பு முறிந்திருந்தது. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் அது இலேசில் பொருந்தாதாம்; முதல் நாள் எடுக்கும் படத்தில்கூடச் சில வேளை தெரியாமல், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியுமாம். அவனால் இன்றும் அந்தக் கையை முழுதாக ஊன்ற முடியாது. மருந்து அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை. நோவை மறைத்து எங்களை மூன்று கிழமை ஏமாற்றியது, அவ்வளவுதான். அதன் பிறகு படம் பார்க்காமல் நான் எதையும் பூசுவதில்லை.

சீனடிக்குச் சீனப் பெயர் இருப்பதால் அதன் மருந்தும் சீனாவிலிருந்து வந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் வாத்தியார் எங்களுக்குக் கட்டியது நல்லெண்ணெயும் நொச்சியும் ஆமணக்கிலையுந்தான்.

படுவான்கரையான் மறுபடியும் எழுதியது:

ஐயா, கல்லடி அக்கா, அக்கரைப்பற்றுக் காக்கா, மூவருக்கும் நன்றி. (மருந்தாளரை அக்கா என்று எழுதிவிட்டேன், பிழையானால் மன்னிக்கவும்.) நேற்றே அப்பாவை முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தலை அடிபடவில்லை. வெளிப்பக்க எலும்பின் நுனியில் கீறல் முறிவு இருப்பதாகப் படத்தில் தெரிந்தது. எலும்பு இடம் மாறாததால் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை என்று கூறிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஐ.என்.ஆர் 4.2 ஆக இருந்தது. அவருக்கு 2.5 இலிருந்து 3.5 க்குள் இருக்க வேண்டுமாம். பூசிய எண்ணெயினாலா, அல்லது விழுந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாததாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று கூறிய வைத்தியர், வார்பரின் அளவை மாற்றி எழுதித் தந்தார்.

எண்ணெய் பூசியதைச் சொல்லப் போனபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார், ஆனாலும் சொல்லிவிட்டேன். வைத்தியர் ஏசவில்லை, போத்தலைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். மீன் விடயத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டியதிலிருந்து அவரும் அந்தக் குளிகையைக் கேட்பதில்லை.

கல்லடி மருந்தாளர் எழுதியது:

அக்கா என்பது சரிதான் தம்பி. ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். எண்ணெயை நிறுத்தி, சாப்பாடும் பழையபடி ஆகும்போது ஐ.என்.ஆர் தானாகவே இறங்கும். அளவையும் குறைத்திருப்பதால் தேவைக்குக் கீழே போய்விடவும் கூடும். அதனால் மறுபரிசோதனைக்கு அவர்கள் குறித்துத் தந்த திகதியை, கால் கட்டோடு போவது கஷ்டம் என்று தள்ளிப் போடாதீர்கள். கட்டுக்குள் விரல்கள் வீங்கினாலோ நிறம் மாறினாலோ அந்தத் திகதி வரையும் காத்திருக்க வேண்டாம்.