மறு: ‘லிங்க் ராட்’ – ‘இணைப்பு இற்றுப்போதல்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். இணையப் பக்கங்களுக்கான இணைப்புகள் காலப்போக்கில் பயனற்றுப்போவதைக் குறிக்கும் ‘லிங்க் ராட்’ (link rot) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த ஒரு மறுமொழி:

> ‘இணைப்பு முறிவு’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

ஐயா, பொறுத்தருள வேண்டும். ஆய்வாளர்கள் தங்களுக்கென வலைப்பதிவும் இணையதளமும் அமைத்துக்கொள்வதற்கான கையேட்டில் இது ஓர் இயலின் தலைப்பாகவே வரப்போகிறது. அவ்வளவு விரைவில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

சென்ற வாரம் ஒரு முனைவர் பட்ட மாணவி, சென்னை ஏரிகளைப் பற்றித் தாம் எழுதிவரும் வலைப்பதிவைக் காட்டினார். கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தோம். ஒரு துறை தன் தளத்தைப் புதுப்பித்ததில் பழைய முகவரிகள் எல்லாம் போய்விட்டன. வேளச்சேரி ஏரியின் வரைபடம் இருந்த இடத்தில், பக்கம் இல்லை என்பதைச் சொல்லும் 404 என்ற எண் மட்டும் நின்றது. இன்னொன்று ஓர் ஆய்வாளரின் சொந்தத் தளம். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டிருப்பார் போலும், அதே முகவரியில் இப்போது யாரோ செருப்பு விற்கிறார்கள். மாணவியின் கட்டுரையில் பாதி அந்த வரைபடத்தை நம்பி எழுதியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரும் எதையும் முறிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

முறிவு ஒரு நொடியில் நடப்பது. எலும்பு முறிவு, கூட்டணி முறிவு என்றுதான் காதில் விழுகிறது. ‘துண்டிப்பு’ என்றால் கட்டணம் கட்டாத வீட்டின் மின்சாரம் நினைவுக்கு வருகிறது. துண்டிக்க ஓர் ஆள் வர வேண்டும். ‘சிதைவு’ நல்ல சொல்தான், ஆனால் சிதைந்த கோப்பு என்று வேறொன்றுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘தொடர்பிழந்த இணைப்பு’ ஒரு தனி இணைப்பின் நிலையைச் சரியாகச் சொல்கிறது. மெல்ல மெல்ல அழியும் அந்த நிகழ்வுக்கு அதிலிருந்து பெயர் கிடைக்கவில்லை. ‘மக்குதல்’ என்று கேட்ட கோவை அம்மாவுக்கு: மக்கியது உரமாகும். இங்கே எதுவும் முளைப்பதில்லை.

நான் திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் சமையலறைச் சன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுகிறோம். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. போன மாதம் துடைக்கும்போது கட்டைவிரல் சற்று அழுந்தியது. வண்ணத்தோல் உள்ளே போய், செம்பழுப்புத் துகள் கையில் உதிர்ந்தது. “உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருக்கிறது” என்றார் அம்மா. நீல நிறத்தில் அடிக்கோட்டோடு ஒழுங்காகத் தெரியும் இணைப்பும் இப்படித்தான், விரலை வைத்த பிறகுதான் தெரியும்.

கயிறு இற்றுப்போகும், துணி இற்றுப்போகும், இரும்பும் இற்றுப்போகும். இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைமையும் உண்டு: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் (475) வருவது இதே ‘இறு’. அங்கே பொருள் முறிதல்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம். ஆனால் அந்த வண்டியின் அச்சு, இறகு இறகாக ஏறிய பாரத்தால் முறிகிறது. இன்றைய பேச்சில் ‘இற்றுப்போ’ என்பது மெல்ல நலிந்து அழிவதற்கே நிலைத்துவிட்டது.

ஒரு தடை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘அப்டேட்’ என்பதற்கு நாம் ‘இற்றைப்படுத்தல்’ என்கிறோம். ‘இற்ற இணைப்பு’, ‘இற்றை இணைப்பு’: ஓர் ஐகாரம் தவறினால் அழிந்தது புதியதாகிவிடும். ஆகவே ‘இற்ற’ என்று சுருக்கவே கூடாது. ‘இற்றுப்போன இணைப்பு’, ‘இணைப்பு இற்றுப்போதல்’ என்று முழுதாகவே எழுதுவோம். நீளம்தான், குழப்பமில்லை.

> ‘ரெஃபரன்ஸ் ராட்’ என்பதற்கு வேறு சொல் தேட வேண்டுமே?

வேண்டாம், ‘சான்று இற்றுப்போதல்’ போதும். 2014இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஆய்வு, 1997 முதல் 2012 வரை வந்த அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஐந்தில் ஒன்றுக்கு இந்தக் கேடு என்றது. பக்கமே இல்லாமல் போவதும், பக்கம் இருந்து உள்ளடக்கம் மாறிவிடுவதும் சேர்ந்ததே அது. செருப்புக் கடை இரண்டாவது வகை. ஒருங்குறிக்கு முன் புழங்கிய திஸ்கி எழுத்துருப் பக்கங்கள் இன்று புரியாத குறிகளாகத் திறப்பதை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே எழுத்து அப்படியே இருக்கிறது, எழுத்துரு மாற்றியில் போட்டால் படித்துவிடலாம்.

கையேட்டில் தீர்வுகளையும் இதே சொல்லால் எழுதிப் பார்த்தேன், தடங்கலின்றி வந்தது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு நிலையான அடையாளமாகத் தரப்படும், 2000ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வந்த டிஓஐ (DOI) எண்கூட, தளம் இடம் மாறியதும் யாராவது புது முகவரியைப் பதிந்தால்தான் இற்றுப்போகாமல் இருக்கும். வலைப்பதிவு எழுதுகிறவர் சான்று காட்டும் அன்றைக்கே அந்தப் பக்கத்தின் நகலை, பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுவது நல்லது.

வேளச்சேரி வரைபடத்தின் பழைய நகல் ஒன்று அங்கேதான் அகப்பட்டது. மாணவி தம் அடிக்குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறார்: “மூல இணைப்பு இற்றுப்போனது, இணையக் காப்பக நகல் கீழே.” இதைப் படிக்கும்போது எங்காவது இடறுகிறதா என்று சொல்லுங்கள் ஐயா. இடறினால் மறுபடி தேடுவோம்.