சென்னை டூ திருவையாறு பைக்ல, ஆராதனைக்கு: ராத்திரியே கிளம்பலாமா?

வடபழனி வாசி:
வணக்கம் மக்களே. கர்நாடக சங்கீத மகான் தியாகராஜர் சமாதில வருஷா வருஷம் நடக்குற ஆராதனைக்கு இந்த வருஷமாவது திருவையாறு போயே தீரணும்னு இருக்கேன். சின்ன வயசுல பாட்டி காலங்காத்தால குளிச்சிட்டு ரேடியோவ வச்சிட்டு உக்காந்துடுவாங்க, பஞ்சரத்னம், அதான் அவரோட அஞ்சு பெரிய கீர்த்தனை, முடியுற வரைக்கும் வீட்ல காபி கூட கிடைக்காது. அதோட சரி, நேர்ல ஒரு தடவ கூட பாத்ததில்ல. கூட வர்றது காலேஜ் ஃப்ரெண்டு. அவனுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது, ஆனா வண்டி எடுக்குறோம்னா போதும், எழவு வீட்டுக்குக் கூட வருவான். ஒரே புல்லட், மாத்தி மாத்தி ஓட்டுறதா பிளான்.

காலைல ஒம்போது மணி வாக்குல பஞ்சரத்னம்ங்கிறாங்க. அவன் ராத்திரி 12க்கு கிளம்பி நேரா போய் பந்தல்ல உக்காந்துடலாம்ங்கிறான். எனக்கு கொஞ்சம் உதறுது. விக்கிரவாண்டில திரும்பி கும்பகோணம் வழியா போறதா, இல்ல பெரம்பலூர் அரியலூர் வழியா? டிக்கெட் ஏதாவது புக் பண்ணணுமா? இவன் அங்க வந்து போரடிக்குதுடானு உயிர எடுப்பானா, அதுவும் சொல்லுங்க.

புல்லட் பாண்டி:
ராத்திரி வேணவே வேணாம் ப்ரோ. தை மாசம் விடியக்காலம் 3 மணிக்கு மேல பனி எறங்கும் பாருங்க, வைசர தொடச்சு தொடச்சு கிளவுஸே நனஞ்சிடும், தூக்கிவிட்டு ஓட்டினா கண்ணுல தண்ணி. அரியலூர் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரிங்களுக்கு சுண்ணாம்புக்கல் ஏத்திட்டு போற லாரிங்க வேற, பின்னாடி லைட்டு எரியுதானு பக்கத்துல போனாத்தான் தெரியும்.

நான் ஒரு தடவ மச்சானோட இதே மாதிரி நைட்டு கிளம்பி, உளுந்தூர்பேட்டைல டீ குடிச்சிட்டு தெம்பா ஏறினோம், கொஞ்ச தூரம் போனதும் பின்னாடியிருந்து டொக்குனு என் ஹெல்மெட்ல ஒரு இடி. என்னடானு கேட்டா பதில் இல்ல. திரும்ப டொக்கு. தூங்கிட்டான்! 80ல போறோம், தூங்கிட்டிருக்கான். அப்படியே ஓரங்கட்டி ஒரு பெட்ரோல் பங்க்ல விடியுற வரைக்கும் படுத்துக் கிடந்தோம். முந்தின நாள் காலைல 5 மணிக்கு கிளம்புங்க, சுமார் 340 கிலோமீட்டர் வரும், நின்னு நின்னு போனாலும் சாயந்தரத்துக்குள்ள ஊர் சேர்ந்துடலாம். டூவீலருக்கு டோல் கிடையாது.

டெல்டாக்காரன்:
அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர் வழியாவே வாங்க தம்பி. திருமானூர்ல கொள்ளிடம் பாலம் ஏறி எறங்குனீங்கன்னா திருவையாறு கிட்டத்துலதான். ரூம திருவையாத்துல தேடாதீங்க, ஆராதனை சமயத்துல கிடைக்காது, 13 கிலோமீட்டர்ல தஞ்சாவூர் இருக்கு, அங்க போட்டுக்குங்க. காலைல அங்கேருந்து வரும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டினு வரிசையா பாலம் வரும், அஞ்சாவது காவிரி. ஊருக்கு ஏன் அந்தப் பேருன்னு உங்க ஃப்ரெண்டுக்கு சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்ல, எண்ணிக்கிட்டே வரச் சொல்லுங்க.

ஒரு விஷயம் முக்கியம். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி கணக்கு, அதாவது புஷ்ய மாசத் தேய்பிறை அஞ்சாம் திதி, தேதி நகந்துகிட்டே இருக்கும். 2024ல ஜனவரி 30, 2025ல ஜனவரி 18. தை பாதிக்கு மேல வந்துச்சுன்னா சம்பா அறுவடை நேரம், பாதி ரோட்டுல நெல்ல காயப்போட்டு ஓரத்துல கல்லு வரிசையா வச்சிருப்போம். திட்டாதீங்க, களம் பத்தல, என்ன பண்றது. ஆனா வைக்கோல் மேல முன் பிரேக்க புடிச்சா வண்டி படுத்துடும்.

அரைஸ்வரம்:
டிக்கெட்டெல்லாம் ஒண்ணும் கிடையாது. காவிரிக்கரைல பந்தல், யார் வேணா வந்து தரைல உக்காரலாம். பெரிய வித்வான்ங்க எதிரும் புதிருமா வரிசையா உக்காந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீனு அஞ்சு ராகத்துல சேர்ந்து பாடுவாங்க, கூட்டத்துல பாதிப்பேரு கூடவே பாடுவாங்க. சபால ஏசில கேக்குற சுத்தம் அங்க எதிர்பாக்காதீங்க, மைக் கூட சில சமயம் சதி பண்ணும். அதுக்காக போற இடம் இல்ல அது. ஏழு மணிக்கே போனா முன்னாடி எடம் கிடைக்கும், கால மடக்கி உக்காரப் பழகிக்குங்க.

ஃப்ரெண்டுக்கு ராகத்தப் பத்தி வகுப்பெடுக்காதீங்க, ஓடிருவான். பாடகி நாகரத்னம்மா கதைய சொல்லுங்க. தியாகராஜர் போனது 1847ல, அப்புறம் கவனிப்பார் இல்லாம கெடந்த சமாதிக்கு தன் சொந்த சொத்த வித்து கோயில் கட்டினது பெங்களூர் நாகரத்னம்மா. ஆனா பொம்பளைங்க அங்க பாடக்கூடாதுனு வச்சிருந்தாங்க. அந்தம்மா சும்மா இருக்கல, சமாதிக்குப் பின்பக்கமா பொம்பளைங்களயே சேத்து தனிக் கச்சேரி நடத்திட்டாங்க. அவங்க சமாதியும் அங்கயேதான் இருக்கு, பாக்காம வராதீங்க.

வடபழனி வாசி:
போயிட்டு வந்தாச்சு! பாண்டி அண்ணன் சொன்ன மாதிரி முந்தின நாள் காலைல 5 மணிக்கே கிளம்பிட்டோம். கீழப்பழுவூர் தாண்டி கிளட்ச் கேபிள் புட்டுகிச்சு, திருமானூர் வரைக்கும் ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டு போனோம், மெக்கானிக் சாப்பாட்டுக்குப் போயிருந்தார், ரெண்டு மணி நேரம் கடை வாசல்ல. பரவால்ல, அப்பதான் நாகரத்னம்மா கதைய சொன்னேன். பய முழுசா கேட்டுட்டு, "அப்ப அந்தம்மா போட்ட காசுலதான் இவங்க அவங்களையே உள்ள விடலயா"ன்னு மெக்கானிக் வர்ற வரைக்கும் கத்திட்டிருந்தான்.

பந்தல்ல நாட்டை வரைக்கும் கொட்டாவி விட்டான், உண்மைய சொல்லணும்ல. அப்புறம் பக்கத்துல ஒரு மாமா, எழுவது வயசிருக்கும், கண்ண மூடிக்கிட்டு தொடைல தாளம் போட்டு எல்லாரையும் விட அரை மாத்திரை முந்தியே பாடிக்கிட்டிருந்தார். இவன் ஃபோன அவர் பக்கம் திருப்பி ரெக்கார்ட் பண்ணிட்டான். வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா கௌளைல வித்வான் ஒருத்தர் குரலும் இல்ல, முழுக்க மாமாதான். நான் அதத்தான் மூணு நாளா கேட்டுட்டிருக்கேன்.

நெல்லு மேல ஏத்தல, டெல்டாக்காரண்ணே, சத்தியமா. ஆனா திருவையாறு ஆண்டவர் கடைல வாங்கின அசோகா அல்வா ரெண்டு கிலோ, திரும்பி வர்ற வெயில்ல உருகி டேங்க் பேக் பூரா நெய்யாயிடுச்சு. கான்வாஸ் துணில நெய்க் கறை எப்படி எடுக்குறது, யாருக்காவது தெரியுமா?